உப்பு

சனிக்கிழமை காலை, புர்க்டோர்ஃப்.
எம்மே ஆற்றங்கரை முழுக்க வெள்ளை.
வீட்டுக்குள்ளே பதினைந்து பாகை.
ஹீட்டர் திங்கள்தான் திருத்தப்படும் என்று
நிர்வாகம் கடிதம் போட்டிருக்கிறது,
மிக மரியாதையான கடிதம்.

அரைக் கிலோ கோதுமை மா.
ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஒரு கரண்டி சீனி.
சின்னவிரலை நனைத்தால்
சுடவும் கூடாது குளிரவும் கூடாது,
அந்தப் பதத்தில் பால்.
எலுமிச்சை அளவு வெண்ணெய்.
எல்லாம் ஒரே மா. இதில்தான் ஒரு பாண்,
மிச்சத்தில் பணிஸ்.
ஒரேயொரு பணிஸுக்குள் சாக்லேட்.
எதற்குள் என்று மிதுலாவுக்குச் சொல்லக் கூடாது.

முதலில் விரலை விட மறுத்தது,
கடன் கொடுத்தவன் மாதிரி.
பத்து நிமிடத்தில் தானாகக் கைவிட்டது.
அழுத்தினால் பள்ளம்,
எடுத்தால் மெல்ல மேடு.
ஈரத்துணி போட்டு மூடினேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால்
வைத்தது வைத்தபடி,
குளிருக்குச் சுருண்ட பூனைக்குட்டி.

இந்தக் கட்டடத்தில் சூடான இடம் ஒன்றுதான்,
நிலவறையில் துணி துவைக்கும் அறை.
சனிக்கிழமை அது ஃப்ராவ் வூட்ரிச்சுக்கு உரியது.
என் முறை
இரண்டு கிழமைக்கு ஒரு புதன்.
பதினொரு வருடத்தில் அவரும் நானும் பேசிக்கொண்டது
உலர்த்தும் இயந்திரத்தின் வடியில் தேங்கும்
பஞ்சைப் பற்றி மட்டும்.
அதுவும் எழுத்தில்.
சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
"வடியைத் துப்புரவு செய்யவும். – வூ."
பெயர் போடாத அந்தத் தாள் யாருக்கு என்று
மூன்று மாடிக்கும் தெரியும்.

சட்டியை நெஞ்சோடு அணைத்து இறங்கினேன்.
இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
உள்ளே அவருடைய படுக்கை விரிப்புகள்.
அதன் தலையில் வைத்துவிட்டு
திருட்டுப் பொருளை ஒளித்தவன் மாதிரி
ஏறி ஓடிவந்தேன்.

முக்கால் மணி.
மன்னிப்பை ஜெர்மனில் நான்கு தரம்
சொல்லிப் பார்த்தபடி மறுபடி இறங்கினேன்.
வினைச்சொல் கடைசியில்.
நல்லவேளை, நமக்கும் அப்படித்தான்.

ஆள் இல்லை.
இயந்திரம் நின்று, கதவு திறந்து கிடந்தது.
சட்டி வாங்கில் இருந்தது,
ஒரு பெரிய துவாய்க்குள் சுற்றப்பட்டு.
துவாய் இன்னும் சுட்டது.
உள்ளே மா விளிம்பைத் தொட்டு
துணியைத் தூக்கிக்கொண்டிருந்தது.
ஓரத்தில் ஒரு சின்னக் கிள்ளல்,
பாதி ஆறிய காயம்.
சுவரில், பஞ்சுக்குக் கீழே, புதுத் தாள்:
"உப்பு இல்லை. – வூ."

நானும் கிள்ளி வாயில் வைத்தேன்.
இல்லைதான்.
உப்பே போடாமல் உப்பியிருக்கிறது.
உப்பு இல்லாததால்தான்
இந்த அவசரத்தில் உப்பியிருக்கிறது.
தனியே நின்று சிரித்தேன்.
இதை எடுத்துக்கொண்டு அவரிடம் போக முடியாது;
அவர் மொழியில் உப்பு வேறு, உப்புவது வேறு.

மேலே வந்து காற்றை இறக்கி
உப்பைத் தூவி மறுபடி குழைத்தேன்.
அளவுகரண்டியைத் தேடவில்லை.
ரோசத்தில் கை கொஞ்சம் நீண்டது.

பாண் ஒன்று. பணிஸ் பன்னிரண்டு.
ஓவன் கதவைத் திறந்தபோது
அன்றைக்கு முதல் தடவையாக
கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.

நாலு மணிக்கு
முதியோர் இல்லத்து வேலை முடிந்து சுகிர்தா வந்தாள்.
சப்பாத்தும் கழற்றாமல் ஒன்றைப் பிய்த்தாள்.
மென்றாள். என்னைப் பார்த்தாள்.
"கடலையே கொட்டியிருக்கிறீங்கள்."
சொல்லிக்கொண்டே அடுத்ததற்குக் கை நீட்டினாள்.
மேசையின் மறுபக்கம் மிதுலா
எட்டாவது பணிஸையும் பிளந்து பார்த்துவிட்டு
சாக்லேட் எங்கே என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை.
அந்த நேரம் முதலாம் மாடியில்
ஒரு கதவுப் பிடியில்
மடித்த துவாயோடு ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது.
அதற்குள் நாலு.

புதன்வரை நான் கீழே போவதாயில்லை.